கையைக் காட்டாத ஜாகா அம்மா

நாற்பத்தாறு பிற்பகல்கள் அந்த அம்மாளைப் பார்த்திருக்கிறேன். ஒரு பிற்பகல்கூட அவருடைய கைகள் உடம்புக்கு முன்னால் வந்ததில்லை. இரண்டும் எப்போதும் முதுகுக்குப் பின்னால் விரல் கோத்துக் கிடக்கும். கைகளை முன்னால் பார்த்தது கடைசி நாளில்தான். அன்று சனிக்கிழமை, அதைப் பிறகு சொல்கிறேன்.

ஜொகூர் பாருவில் எங்கள் அடுக்குமாடிக்கு அடுத்தாற்போல் ஒரு பேரங்காடி இருக்கிறது. அதன் முதல் மாடியில் அவருக்குக் காவல் வேலை. காவல்காரரை எங்கள் பக்கத்தில் ஜாகா என்போம். பிள்ளைகள் அவரை ஜாகா ஆன்ட்டி என்று கூப்பிட்டார்கள். நான் ஜாகா அம்மா என்றேன். ஐம்பது வயதிருக்கும். ரெங்கம் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்தவர் என்பது பேச்சுவாக்கில் தெரிந்தது. சட்டைப் பையின் மேல் ஒரு மலாய்ப் பெண்ணின் பெயர் தைத்திருந்தது. முதல் நாள் அந்தப் பெயரை வைத்து அவரிடம் மலாயில் பேசத் தொடங்கினேன்.

"தமிழ்லயே பேசுங்க ஐயா. சட்டை அவங்களோடது, ஆளு நான்" என்றார்.

வேலையை விட்டுப் போன பெண்ணின் சட்டையாம். ஆறு மாதமாகப் புதுச் சட்டை வருகிறது, வருகிறது என்கிறார்களாம். உங்கள் பெயர் என்ன என்று கேட்க அப்போதே வாய் வந்தது. ஏனோ கேட்கவில்லை. பிறகு கேட்பதற்கு வெட்கமாகிவிட்டது.

நான் அங்கே போனது பேத்தியோடு. யாழினிக்கு ஐந்து வயது. மருமகன் சிங்கப்பூரிலேயே தங்கி வேலை பார்க்கிறார். மகள் தினமும் பாலம் கடந்து அங்கே வேலைக்குப் போய் வருகிறாள்; விடியுமுன் புறப்பட்டால் இரவு ஏழரைக்குத்தான் வீடு. பாலர் பள்ளி பன்னிரண்டு மணிக்கு விடும். பன்னிரண்டிலிருந்து ஏழரை வரை, ஏழரை மணி நேரம், பிள்ளை என் பொறுப்பு. எனக்கு எழுபத்து நான்கு வயது. மனைவி போய் நான்கு வருடமாகிறது. மகள் எனக்குப் போட்ட சட்டம் ஒன்றே ஒன்று.

"கையை மட்டும் விட்றாதீங்கப்பா. ஏதாச்சும் ஒண்ணு ஆச்சுன்னா நான் தாங்கமாட்டேன். சிகாமட்ல அத்தைகிட்ட விட்டுடுவேன்."

அவள் மிரட்டுவதற்காகச் சொல்லவில்லை. அவள் பேச்சில் மிரட்டல் இருந்தால் நான் பயந்திருக்கமாட்டேன். சிகாமட்டில் அவளுடைய மாமியார் இருக்கிறார். நல்லவர், என்னைவிட பதினொரு வயது இளையவர், முழங்கால் வலி இல்லாதவர். என்னிடம் பிள்ளையை விட்டு வைத்திருக்க எந்தக் காரணமும் கிடையாது. யாழினி என்னோடு இருக்க விரும்பினாள், அவ்வளவுதான்.

வீட்டில் வெயில் தாங்காது. அதனால் பேரங்காடி. பேரங்காடியில் அந்தத் திரை.

இரண்டு ஆள் உயரம், பதினொரு ஓடு அகலம். நான் நில அளவை அலுவலகத்தில் முப்பத்துமூன்று வருடம் எழுத்தராக இருந்தவன். தரை ஓடுகளை எண்ணாமல் என்னால் ஓர் இடத்தில் நிற்க முடியாது. திரையில் ஒரு கரடி வாழ்ந்தது. எதையும் தொட வேண்டாம், அழுத்த வேண்டாம். முன்னால் நின்று கையைத் தூக்கினால் கரடியும் கையைத் தூக்கும், குதித்தால் குதிக்கும். பழம் விழும், காற்றில் கையை நீட்டிப் பிடிக்கவேண்டும்.

பெரியவர்கள் அதைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் கடந்து போவார்கள். பிள்ளைகள் அப்படியில்லை. அம்மாவின் கையில் தொங்கிக்கொண்டு போகிற பிள்ளை, ஓரக்கண்ணில் கரடியும் தன்னோடு நடப்பதைப் பார்த்துவிடும். நிற்கும். கரடியும் நிற்கும். அவ்வளவுதான், அம்மாவால் இனி இழுக்க முடியாது. சில பிள்ளைகள் நேரே போய்க் கண்ணாடியைத் தொடும். ஒன்று நக்கிப் பார்த்தது. முக்காடிட்ட சிறுமி ஒருத்தி, கரடிக்கும் முக்காடு பறக்குமா என்று பார்க்கச் சுற்றிக்கொண்டே இருந்தாள். சீன இரட்டையர் இருவரில் யாரைக் கரடி பின்பற்றுகிறது என்பதில் அடிதடியே நடந்தது. ஒரு பிள்ளை நின்றால் மூன்று பிள்ளை சேரும். மூன்று சேர்ந்தால் ஒன்பது.

எனக்கு முதல் நாளே பயம் பிடித்தது. கரடி அல்ல காரணம். பிள்ளைகள் நகர்ந்த திசை.

திரையின் உச்சியில் ஒரு கண்போல் கருவி வைத்திருந்தார்கள். அது மேலிருந்து பார்ப்பதால் பக்கத்தில் நிற்கும் குட்டை ஆள் அதற்குத் தெரியாது. பெரியவர்களுக்காகத் தரையில், திரையிலிருந்து எண்ணி ஒன்பதாவது ஓட்டில், இரண்டு பாதங்கள் ஒட்டியிருந்தன. ஐந்து வயதுப் பிள்ளை பதினான்காவது ஓட்டுக்குப் போனால்தான் கருவிக்குப் புலப்படும். ஆள் எவ்வளவு குட்டையோ அவ்வளவு பின்னால் போகவேண்டும். ஆகவே கரடியே அதைச் சொல்லிக் கொடுத்தது. கையை நீட்டி, உள்ளங்கை தரையைப் பார்க்க, மேலும் கீழும் ஆட்டும். பின்னால் போ என்று அதற்கு அர்த்தம். மலாயில் 'உண்டூர்' என்று எழுத்தும் வரும்; வாசிக்கத் தெரியாத பிள்ளைக்குக் கைதான் எழுத்து. கரடி ஒரு முறை ஆட்டினால் பிள்ளை ஓர் அடி பின்னால் வைக்கும். டிங் என்று ஓசை வந்து ஒரு நட்சத்திரம் விழும். இன்னொரு ஆட்டல், இன்னோர் அடி, இன்னொரு நட்சத்திரம்.

இருபத்திரண்டாவது ஓட்டில் கீழே இறங்கும் மின்படிக்கட்டு தொடங்குகிறது.

எந்த மகராசன் அந்த இடத்தைத் தேர்ந்தெடுத்தானோ. திரைக்கு நேர் எதிரே, பிள்ளைகளின் முதுகுக்குப் பின்னால், எஃகுப் பற்களைக் காட்டிக்கொண்டு அது ஓடிக்கொண்டிருந்தது. அந்தப் பற்களுக்கு இடையில் பிள்ளைகளின் துளை போட்ட ரப்பர் செருப்பு அகப்பட்ட கதைகளை எங்கள் மாடியில் எல்லாரும் சொல்வார்கள். பேத்தி காலில் அதே செருப்புதான்.

கையை விடக்கூடாது என்பது சட்டம். ஆனால் கையைப் பிடித்துக்கொண்டு நின்றால் கருவி எங்கள் இருவரையும் ஒரே பிண்டமாக எடுத்துக்கொண்டு, கரடி இடுப்பொடிந்ததுபோல் சாய்ந்து நின்றது. யாழினி உதட்டைப் பிதுக்கினாள். பின்னால் நின்று காவல் காக்கலாம் என்றால், உயரமான ஆளையே கரடி பிடித்துக்கொள்ளும். எழுபத்து நான்கு வயதுக்காரனின் முதுகு வளைவைக் கரடி செய்து காட்டியதும் பிள்ளைகள் சிரித்தார்கள். கடைசியில் திரையின் ஓரமாக, கருவிக்குப் படாத மூலையில் நின்றுகொண்டேன். கையை விட்டேன். மகளிடம் சொல்லவில்லை.

அந்த இருபத்திரண்டு ஓட்டில் பத்தொன்பதாவதில் நின்றார் ஜாகா அம்மா. கருவியின் பார்வை அங்கே எட்டாது. பிள்ளைகளுக்குப் பின்னால், மின்படிக்கட்டுக்கு முன்னால், கையைப் பின்னால் கட்டிக்கொண்டு ஒரு தூண். பார்வை முழுக்கத் தரையில், பிள்ளைகளின் குதிகால்களில். பதினான்கைத் தாண்டிப் பதினெட்டுக்கு வந்த பிள்ளையின் முதுகு அவர் முழங்காலில் இடிக்கும். அவர் அசையமாட்டார். தள்ளமாட்டார். பிள்ளை திரும்பிப் பார்க்கும். அவர் முழங்காலாலேயே மெல்ல முன்னால் அனுப்புவார்.

"கண்ணு முன்னால போவுது, காலு பின்னால போவுது. எல்லாம் கோஸ்தான் வண்டிங்க ஐயா" என்பார். எங்கள் ஊரில் வண்டியைப் பின்னோக்கி எடுப்பதற்குக் கோஸ்தான் என்று பெயர்.

அந்தத் திரைக்கு எதிரே எத்தனை மாதம் நின்றாரோ, திரையில் என்ன ஓடுகிறது என்று அவருக்குத் தெரியாது. ஒருநாள் என்னிடம் கேட்டார், "ஐயா, அது நாயா, கரடியா?"

நல்ல பெண்மணி என்று உடனே தோன்றிவிடவில்லை. முதல் வாரம் அவர்மேல் எனக்குக் கோபம். ஒரு மலாய்த் தாய், இரண்டு கையிலும் பைகளோடு, கண்ணாடியை அறைந்துகொண்டிருந்த தன் மகனைக் கொஞ்சம் கூப்பிடும்படி அவரைக் கேட்டுக்கொண்டாள். கையைக் காட்டினால் முடிந்தது. இவர் காட்டவில்லை. பத்தொன்பது ஓடுகளையும் நிதானமாக நடந்து கடந்து, பையனுக்குப் பக்கத்தில் குனிந்து, காதில் ஏதோ சொல்லி, கூடவே நடத்திக் கொண்டுவந்தார். அத்தனையும் கையைக் கட்டியபடியே. இன்னொரு நாள் ஒரு பெண் குழந்தை தடுக்கி விழுந்தபோதும் தூக்கவில்லை; பக்கத்தில் மண்டியிட்டு, "என் தோள்பட்டைய புடிச்சிக்க" என்றார். கைக்கு என்ன குறை? விரல் ஏதும் இல்லையோ என்று எனக்குச் சந்தேகம். கழிவறைக்குப் போகிறவன்போல் அவருக்குப் பின்னால் சுற்றிப்போய் எண்ணினேன். பத்தும் இருந்தன.

மூன்று முறை நேரடியாகவே கேட்டேன். முதல் முறை, குளிரூட்டியில் கை விறைக்கிறது என்றார். இரண்டாம் முறை, பயிற்சியில் அப்படித்தான் நிற்கச் சொன்னார்கள் என்றார். மூன்றாம் முறை, "கைய முன்னால வெச்சா பிச்சை கேக்கறேன்னு நெனச்சிடுவாங்க லா" என்று சிரித்தார். மூன்றும் வேறு வேறு என்பதை நான் குறித்துக்கொண்டேன். ஒன்றுக்கு மேற்பட்ட காரணம் சொல்கிறவர்கள் உண்மைக் காரணத்தைச் சொல்லவில்லை என்பது அலுவலகத்தில் நான் கற்றது.

இதற்கிடையில் யாழினியிடம் ஒரு பழக்கம் வந்திருந்தது. வீட்டில் மின்விசிறியைப் பார்த்துக் கையை அசைப்பாள். மருந்தகத்துத் தொலைக்காட்சியின் முன்னால் குதிப்பாள். ஒன்றும் நடக்காவிட்டால், ஏமாற்றமின்றி, இரண்டு அடி பின்னால் போய் மறுபடி முயல்வாள். நான் சிரித்தேன். பயப்படுகிறவன் எதற்குப் பயப்படவேண்டும் என்று எப்போதும் தெரிந்து வைத்திருப்பதில்லை.

முப்பத்தெட்டாவது பிற்பகல், மின்தூக்கியின் கதவில் ஒரு சீன முதியவரின் சக்கர நாற்காலி சிக்கிக்கொண்டது. யாரோ ஓடிவந்து ஜாகா அம்மாவைக் கூப்பிட்டார்கள். அவர் பிள்ளைகளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"ரெண்டு நிமிஷம் ஐயா. பாத்துக்குங்க."

பார்த்துக்கொள்கிறேன் என்றேன். ஐந்து பிள்ளைகள் இருந்தார்கள். நால்வரை அவரவர் பெற்றோர் அழைத்துப் போனார்கள். யாழினி மட்டும் பதினான்கில். அப்போது ஓர் உயரமான பள்ளி மாணவி வந்து ஒன்பதாவது ஓட்டில் நின்றாள். கரடி அவளிடம் போய்விட்டது. யாழினி கரடியைத் திரும்பப் பெற அவளுக்குத் தெரிந்த ஒரே வழியைச் செய்தாள். பதினைந்து. பதினாறு.

நான் கூப்பிட்டேன். மேலே பாட்டு அலறிக்கொண்டிருந்தது; என் குரல் எனக்கே கேட்கவில்லை. கையைத் தூக்கினேன். வா வா என்று ஆட்டினேன். நம் எல்லாரையும்போல, என் அப்பா என்னைக் கூப்பிட்டதுபோல, உள்ளங்கை தரையைப் பார்க்க, விரல்களை மடக்கி மடக்கி.

யாழினி என்னைப் பார்த்தாள். முகம் மலர்ந்தது. ஓர் அடி பின்னால் வைத்தாள்.

அவளுக்குப் புரியவில்லை என்று நினைத்து இன்னும் வேகமாக ஆட்டினேன். அவள் இன்னும் வேகமாகப் பின்னால் போனாள். பதினெட்டு. பத்தொன்பது, அங்கே தூண் இல்லை. அவள் சிரித்துக்கொண்டிருந்தாள், நான் ஆட்டிய ஒவ்வோர் ஆட்டலுக்கும் ஓர் அடி, ஒழுங்காக, கெட்டிக்காரப் பிள்ளை. இருபது. நான் நடக்கத் தொடங்கியிருந்தேன், ஓட வரவில்லை, ஆனால் கை நிற்கவில்லை. வா, வா, வா. என் கைதான் அவளைத் தள்ளுகிறது என்று எனக்குத் தெரியவில்லை. எழுபத்து நான்கு வருடமாக அந்தக் கைக்கு ஒரே அர்த்தம்தான்.

"ஐயா, கைய கீழ போடுங்க."

இடது பக்கத்திலிருந்து வந்தது. அலறல் அல்ல, கணீரென்ற குரல். பாட்டையும் மீறி அது எனக்குக் கேட்டது. கையைப் போட்டேன்.

யாழினி நின்றாள். இருபத்தோராவது ஓடு. அவளுடைய குதிகாலுக்கும் எஃகுத் தகட்டுக்கும் நடுவில் ஒரு சாண் இருந்ததா என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

ஜாகா அம்மா ஓடவில்லை. ஓடியிருந்தால் பிள்ளை மிரண்டிருக்கும். பக்கவாட்டில் சுற்றி வந்து, பிள்ளைக்கும் படிக்கட்டுக்கும் நடுவில் உடம்பைச் செருகி நின்றார். யாழினியின் முதுகு அவர் முழங்காலில் சாய்ந்தது. அவள் என்னைப் பார்த்துக் கேட்டாள்: "எத்தன ஸ்டாரு தாத்தா?"

பக்கத்தில் இருந்த நீள இருக்கையில் உட்கார்ந்தேன். யாழினி என் மடியில் ஏறிக்கொண்டு, நான் ஏன் கையை நிறுத்திவிட்டேன் என்று குறைப்பட்டாள். ஜாகா அம்மா எதிரில் நின்றார். எனக்கு அப்போதுதான் எல்லாம் விளங்கத் தொடங்கியது. நாம் வா என்று ஆட்டும் கையும் கரடி போ என்று ஆட்டும் கையும் ஒன்றே. இந்தப் பிள்ளைகள் கையை முதலில் கற்றது கரடியிடம்.

"நீங்க இதனாலதான்..." என்றேன்.

தலையை ஆட்டினார். பிறகு, "வீட்டுல சொல்லிடுங்க ஐயா. அம்மாவும் அப்படித்தான கூப்பிடுவாங்க" என்றார்.

சொல்கிறேன் என்றேன். சொல்லப் போவதில்லை என்று அந்த நிமிடமே முடிவு செய்திருந்தேன். சொன்னால் சிகாமட். இனி இந்தப் பக்கமே வராமல் இருந்துவிட்டால் ஆயிற்று. கரடி இல்லாவிட்டால் பிள்ளை மறந்துவிடும். வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் யாழினியின் கையைப் பிடித்தேன். வலிக்கிறது தாத்தா என்று இரண்டு முறை சொன்னாள்.

அன்று மாலை வழக்கம்போல் மகளின் பேருந்துக்காகச் சாலையோரத்தில் நின்றோம். எங்களுக்குப் பின்னால் மூடியில்லாத பெரிய சாக்கடை. லொங்காங் என்போம், என் நெஞ்சளவு ஆழம். மழை பெய்து நிரம்பி ஓடியது. மகள் சாலையைக் கடந்து எங்கள் பக்கம் வந்துவிட்டாள். எட்டு அடி தூரம் இருக்கும். அம்மாவைப் பார்த்த பிள்ளை கையை உருவிக்கொண்டது; அம்மாதான் வந்துவிட்டாளே என்று நானும் விட்டேன். மகள் பையைக் கீழே வைத்து, குனிந்து, களைத்த முகத்தில் சிரிப்போடு கையை நீட்டி ஆட்டினாள். வாடி என் கண்ணு.

யாழினி ஓர் அடி பின்னால் வைத்தாள்.

மகள் இன்னொரு முறை ஆட்டினாள். பிள்ளை இன்னோர் அடி.

சட்டையின் பின்கழுத்தைப் பிடித்துத் தூக்கினேன். பிள்ளை வீறிட்டு அழுதது. மகள் ஓடிவந்து, என்னப்பா இது, விளையாடத்தானே செய்தாள் என்று என்மேல் கோபப்பட்டாள். அவள் கை இன்னும் நீட்டியபடி இருந்தது. நான் அந்தக் கையைப் பிடித்துக் கீழே தாழ்த்தினேன். சாலையோரத்திலேயே, பேருந்துப் புகையில் நின்றுகொண்டு, எல்லாவற்றையும் சொன்னேன். கையை விட்டது முதல், இருபத்தோராவது ஓடு வரை. எத்தனை நாள் கையை விட்டேன் என்று கேட்டாள். முப்பத்தெட்டு என்றேன்.

அவள் பையை எடுத்துக்கொண்டு முன்னால் நடந்தாள். இரண்டு நாள் பேசவில்லை. சாப்பாடு மட்டும் போட்டாள். அவள் அத்தையோடு தொலைபேசியில் பேசும்போதெல்லாம் நான் சமையலறைக் கதவுக்கு இந்தப் பக்கம் நின்று மூச்சடக்கிக் கேட்டேன். மூன்றாம் நாள் காலையில் செருப்பைப் போட்டுக்கொண்டே சொன்னாள்:

"பாப்பா உங்ககிட்டயே இருக்கட்டும். நீங்க சொல்லாம இருந்திருந்தா நான் இன்னைக்கும் கூப்பிட்டிருப்பேன்."

அதற்குப் பிறகு வீட்டில் பிள்ளையைப் பெயர் சொல்லித்தான் கூப்பிடுகிறோம். கை அசைவது கிடையாது. பேரங்காடிக்குப் போகாமல் இருக்க முயன்றேன். பிள்ளை கேட்டு அழுதது. ஆகவே போனோம், ஆனால் திரைக்கு முன்னால் நிற்காமல் கீழ்த்தளத்தில் ஐஸ் கச்சாங் சாப்பிட்டுவிட்டு, மேலே போய் ஜாகா அம்மாவைக் கண்டு இரண்டு வார்த்தை பேசிவிட்டு வருவோம். மகளிடம் சொன்னதை ஏனோ உடனே அவரிடம் சொல்லவில்லை. எட்டாவது நாள் சொன்னேன். சொல்லியும் பிள்ளையை என்னிடமே விட்டுவிட்டாள் என்று கொஞ்சம் பெருமையாகவே சொன்னேன்.

அவர் பிள்ளைகளின் குதிகால்களைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு, "நான் சொல்லல ஐயா" என்றார்.

என்ன சொல்லவில்லை என்று கேட்டேன்.

யாழினி இருக்கையில் பொம்மையோடு உட்கார்ந்திருக்க, அவர் தரையைப் பார்த்தபடியே சொன்னார். திரை வைத்த முதல் மாதம். நான்கு வயதுப் பையன். தாய் பத்தடி தள்ளி நின்று கைப்பேசியில் பேசிக்கொண்டிருந்தாள். பையன் பதினாறுக்கு வந்தபோது இவர் பக்கவாட்டிலிருந்து கூப்பிட்டார். கையால். அவன் பின்னால் போனான். இவர் இன்னும் கூப்பிட்டார். அவன் இன்னும் போனான். மின்படிக்கட்டு அவனைத் தலைகீழாக இழுத்துக்கொண்டது. சிவப்புப் பொத்தானை அழுத்தி நிறுத்தியதும் இவர்தான். பையன் பிழைத்தான்; கை ஒடிந்தது, தலையில் தையல். மாடியில் இருந்த படப்பதிவுக் கருவியில் பையனின் முதுகு மட்டும்தான் இருந்தது. இவர் கை படத்தில் இல்லை. சமயோசிதமாகப் பொத்தானை அழுத்தியதற்காக இவருக்கு நற்சான்றிதழ் கொடுத்தார்கள். தாய்க்கு, கைப்பேசி பார்த்துக்கொண்டு பிள்ளையை விட்டவள் என்ற பெயரைக் கொடுத்தார்கள்.

"அவங்க புருஷன் இன்னும் அதைச் சொல்லித்தான் ஏசறாராம். அந்தம்மா இங்க வருவாங்க ஐயா. மேல வரமாட்டாங்க. கீழ நின்னு இந்தப் படிக்கட்டையே பாத்துட்டுப் போவாங்க. நான் தூணு மாதிரி நின்னுகிட்டு இருப்பேன்."

சொன்னால் வேலை போகும் என்றேன். அது எனக்கே கேவலமாகக் கேட்டது. அவர் தலையை ஆட்டினார். பிறகு, எனக்கு மலாயில் கடிதம் எழுத வருமா என்று கேட்டார். பேச வருமாம், எழுதினால் அசிங்கமாக வருமாம்.

சனிக்கிழமை மகள் வீட்டில் இருந்ததால் தனியாகப் போனேன். அவருடைய உணவு இடைவேளையில், கீழ்த்தளத்து மேசை ஒன்றில், அந்தப் பையனுக்கு நடந்ததை அவர் சொல்லச் சொல்ல மேலாளருக்குக் கடிதமாக எழுதினேன். பத்தொன்பது வரி. கரடியின் கைப்படத்தை மாற்றவேண்டும், திரையை வேறு சுவருக்குக் கொண்டுபோகவேண்டும் என்பதையும் சேர்த்தேன். படித்துக் காட்டினேன். எட்டாவது வரியில் நிறுத்தினார். 'என் கையசைவைக் குழந்தை தவறாகப் புரிந்துகொண்டது' என்று எழுதியிருந்தேன்.

"புள்ள தப்பா புரிஞ்சிக்கல ஐயா. சரியாத்தான் புரிஞ்சிச்சு. அதை எடுத்துடுங்க."

எடுத்தேன். அவர் கைகளை மேசைமேல் வைத்தார். சின்னக் கைகள், நகம் ஒட்ட வெட்டியிருந்தது. கையெழுத்துப் போட்டார். பெயரை அங்கேதான் படித்தேன். அதை இங்கே எழுதப் போவதில்லை. அவர் யாரிடம் சொல்லவேண்டுமோ அவர்களிடம் சொல்லிக்கொள்ளட்டும்.

நான்காவது மாடியில் அலுவலகம். நாங்கள் முதல் மாடிக்கு வந்தபோது திரைக்கு முன்னால் ஏழு பிள்ளைகள். அவர் தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, பத்தொன்பதாவது ஓட்டைக் கண்ணால் காட்டினார்.

"நான் வர்ற வரைக்கும் இங்க நில்லுங்க ஐயா. மாத்தி ஆளு வரும். சும்மா நின்னா போதும்."

நின்றேன். அங்கிருந்து பார்த்தால் கரடி தெரிவதில்லை, முதுகுகளும் குதிகால்களும்தான். பின்னால் மின்படிக்கட்டின் ஓசை நெஞ்சுக்குள் ஓடியது. ஒரு பிள்ளை வந்து என் முழங்காலில் இடித்தது. வலித்தது, அசையவில்லை. ஐந்து நிமிடத்தில் மூன்று பிள்ளைகள் இடித்தன. இருபது நிமிடம் ஆகியும் அவர் வரவில்லை. நாற்பது நிமிடம். மின்தூக்கி திறக்கும்போதெல்லாம் பார்த்தேன்.

வந்தது மாற்று ஆள். முப்பது வயது மலாய்க்காரர், புதுச் சட்டை. அந்த அம்மா எங்கே என்றேன். மேலே மேலாளரோடு பேசிக்கொண்டிருக்கிறார், யாரோ ஒரு பெண்மணிக்குத் தொலைபேசி போட்டு வரவழைக்கிறார்கள், தனக்கு ஒன்றும் தெரியாது என்றார். நான் ஏன் அங்கே நிற்கிறேன் என்று மரியாதையாகக் கேட்டார். நீங்கள் இந்த ஓட்டில் நின்றால் நான் போகிறேன் என்றேன். சிரித்துக்கொண்டே வந்து நின்றார், நல்ல மனிதர். விளக்க வாயெடுத்தேன்.

அதற்குள் ஒரு பெண் குழந்தை, மூன்று வயதுகூட இருக்காது, எங்களுக்குப் பக்கவாட்டில் பின்னோக்கி வந்துகொண்டிருந்தது. அவர் அதைக் கண்டார். அன்பாகச் சிரித்தபடி, தாத்தாக்களும் தாய்களும் கூப்பிடுவதுபோலவே, வலது கையைத் தூக்கினார்.

நான் அந்தக் கையை இரண்டு கையாலும் பற்றிக்கொண்டேன்.